இரும்பு கடைந்த கையோடு மரம் கடையப் போனபோது

சேலத்தில் 22 ஆண்டுகளாக லேத் பட்டறைத் தொழிலில் இருக்கிறேன். பம்பு ஷாஃப்ட், புஷ், புல்லி என்று இரும்பையும் பித்தளையையும் கடைந்துதான் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தேன். அந்தத் தொழில் கொடுத்த தைரியத்தில், ஏற்காட்டிலிருந்து வந்த பெரிய மர முண்டுகளை அலங்காரக் கிண்ணங்களாகக் கடைந்து கொடுப்பதாக ஒருவருக்கு வாக்குக் கொடுத்தேன். 2022 ஜூலையில் தொடங்கிய அந்த வேலை 2023 மே மாதத்தில் முடிந்தபோது என் கையில் ஒரு நல்ல கிண்ணம்கூட இல்லை. 75,000 ரூபாய் போனது, ஆறு வாரம் வேலைக்குப் போக முடியாமல் கிடந்தேன், மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது. தொடங்குவதற்கு முன்பு விவரம் தெரிந்த ஒருவர் அரை மணி நேரம் என்னிடம் பேசியிருந்தால் இதில் பெரும்பகுதி நடந்திருக்காது. இப்படி ஒரு வேலையை நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு அந்த அரை மணி நேரமாக இது இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் மனைவியின் தம்பி ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக, அதாவது கணக்கராக இருக்கிறார். சேர்வராயன் மலைத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காப்பிச் செடிக்கு மேலே நிழலுக்காக உயரமாக நிற்பவை பெரும்பாலும் சில்வர் ஓக் மரங்கள். அவற்றின் மேல்தான் மிளகுக் கொடியை ஏற்றிவிடுவார்கள். நிழல் அதிகமாகிவிடாமல் இருக்க ஆண்டுதோறும் அவற்றின் கிளைகளைக் கழிப்பார்கள். வெட்டுப்பட்ட இடத்தை மரம் மூடி மூடி வளர்ந்து, சில வயதான மரங்களில் அந்த இடம் கட்டி போலத் திரண்டு நிற்கும். அதைத்தான் நாங்கள் முண்டு என்கிறோம். விறகுக்காரர்களுக்கு முண்டு ஆகவே ஆகாது, கோடாலி இறங்காது. கடைசல்காரனுக்கு அதுவே பொக்கிஷம். ஏனென்றால் உள்ளே நார் ஒரே திசையில் ஓடாமல் சுழன்று சுழன்று ஓடும். முளைக்காமல் போன மொட்டுகள் சிறு சிறு கண்களாகத் தெரியும். கடைந்து எண்ணெய் பூசினால் ஒவ்வோர் அங்குலமும் ஒவ்வொரு விதமாக மின்னும். ஜூலைக் காற்றில் விழுந்த ஒரு கிழ மரத்தில் அப்படி மூன்று முண்டுகள் இருப்பதாக மச்சினர் படம் அனுப்பினார். ஏற்காட்டில் விருந்தினர் விடுதி வைத்திருக்கும் ஒருவர் அதே படத்தைப் பார்த்துவிட்டு, முன்கூடத்தில் வைக்க 22, 18, 14 அங்குல விட்டத்தில் மூன்று கிண்ணங்கள் வேண்டும் என்று கேட்டார். மொத்தம் 95,000 ரூபாய் என்று பேசி, 40,000 ரூபாயை முன்பணமாகக் கொடுத்தார். அந்தப் பணத்தில் நகவுளிகளும் (மரத்தைக் குடையும் வளைந்த வாயுள்ள உளிகள்), கட்டையை லேத்தில் கவ்விப் பிடிக்கும் ஒரு பெரிய சக்கும் வாங்கினேன்.

முதல் தவறு வாங்கும்போதே நடந்தது. தோட்டத்தில் எடைக்கு விலை சொன்னார்கள், கிலோ 60 ரூபாய். மூன்றும் சேர்ந்து 310 கிலோ, 18,600 ரூபாய். மழைக்காலத்தில் விழுந்த பச்சை மரம் அது. பின்னாளில் நானே எடை போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்ட கணக்கு என்னவென்றால், அப்படிப்பட்ட மரத்தில் நூறு கிலோவுக்கு நாற்பது கிலோவுக்கும் மேல் தண்ணீர்தான். நான் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் தண்ணீருக்குக் கொடுத்திருக்கிறேன். முண்டை எடைக்கு வாங்காதீர்கள். உருப்படிக்கு இவ்வளவு என்று பேசுங்கள். பேசுவதற்கு முன்பு ஒரு பக்கத்தையாவது அறுத்து முகம் பாருங்கள். மரப்பட்டை கறுப்புக் கோடாக உள்ளே இறங்கியிருக்கிறதா என்பதை அந்த அறுத்த முகம்தான் சொல்லும். நான் மேலே தடவிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன்.

அனுமதி விஷயத்தில் மட்டும் மச்சினர் எச்சரிக்கையாக இருந்தார். மலைப்பகுதியில் மரம் வெட்டுவதற்கு 1955ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. காற்றில் விழுந்த மரம்தானே என்று நாமாக ஏற்றிக்கொண்டு வந்துவிடக் கூடாது. தோட்ட உரிமையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்ட பிறகே வண்டி பேசுங்கள். சந்தனம், ஈட்டி போன்ற மரத்தின் துண்டை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

முண்டுகளைச் சங்கிலி ரம்பம் வைத்திருப்பவரைக் கொண்டு வட்டமாகக் கழித்தோம். இரண்டு நாள் நானும் கூட நின்றேன், தூள் மேலெல்லாம் கொட்டியது. அந்தத் தூளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். பிறகு அவற்றை நாகலூரிலேயே தோட்டத்துக் கொட்டகையில் அடுக்கி வைத்தேன். ஐந்து மாதம் நிழலில் கிடந்தால் காய்ந்துவிடும் என்பது என் எண்ணம். ஏற்காட்டில் ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாததா? காலையில் பனிமூட்டம் கொட்டகைக்குள்ளேயே வந்து நிற்கும், மாலையில் மழை பெய்யும். போய்ப் பார்க்கும்போதெல்லாம் மேல்பரப்பு கைக்கு உலர்ந்ததாகத் தெரிந்தது, அங்கங்கே வெள்ளைப் பூசணம் மட்டும் இருந்தது. அதைத் துடைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். மரம் அறுப்பவர்கள் வழிவழியாகச் சொல்லும் கணக்கு, ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு காயவிட வேண்டும் என்பது. என்னுடைய முண்டுகள் பத்து அங்குலக் கனம் இருந்தன. இரும்பு வேலையில் காத்திருப்பது என்ற ஒன்று கிடையாது. இன்று வந்த ராடை இன்றே கடைந்து கொடுத்துப் பழகியவன் நான்.

2023 மார்ச் முதல் வாரத்தில் மூன்றையும் வேனில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, கன்னங்குறிச்சியில் இருக்கும் என் கொட்டகைக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். அன்றைக்கு சேலத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மேலே நல்ல குளிர். இந்த வித்தியாசத்தை என் உடம்பு உணர்ந்தது, மரமும் உணரும் என்று தோன்றவில்லை. ஈரம் அளக்கும் மீட்டரைப் பிறகுதான் வாங்கினேன். மலைக் கொட்டகையில் பல மாதம் கிடந்த ஒரு பலகை அதில் 16, 17 சதவீதம் காட்டியது. கன்னங்குறிச்சியில் ஏப்ரல் மாதத்தில் என் மேசைப் பலகை 8, 9 காட்டியது. ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கும் இரண்டு ஊர்களின் காற்று மரத்திடம் கேட்கும் ஈரத்தின் அளவு ஏறத்தாழ இரண்டு மடங்கு வேறுபடுகிறது. மீட்டரின் ஊசி இறங்கும் ஆழத்துக்குத்தான் அது ஈரத்தைச் சொல்லும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே 17 என்று காட்டும் முண்டின் நடுவில் அதைப் போல இரண்டு, மூன்று பங்கு ஈரம் இருக்கலாம்.

என்னிடம் இருப்பது பழைய கேப் பெட் லேத், அதாவது பெட் எனும் அடிப்படுக்கையில் கழற்றக்கூடிய ஒரு துண்டு உள்ளது; அந்தத் துண்டைக் கழற்றினால் 26 அங்குல விட்டம் வரை சுழலும். மோட்டாருக்கு டிரைவ் போட்டு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும்படி வைத்திருக்கிறேன். 22 அங்குலக் கட்டையை பேஸ் பிளேட் எனும் சுழலும் வட்டத் தகட்டில் முடுக்கி, முதலில் மெதுவாகவே ஓட்டினேன். அந்த நான்கு நாட்களைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். இரும்பில் சுருள் நீலமாக, சூடாகக் கையைக் கிழிக்கும்படி வரும். இங்கே நகவுளியின் மேல் ரோஜா நிறச் சுருள் ஈரத்தோடு, மெத்தென்று வந்து மார்பில் விழுந்தது. வெளிப்புறம் உருண்டு வந்தபோது அந்தக் கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் தொழில் பழகும் பையனைப் போல இரவு பத்து மணி வரை நின்றேன். சுவரை அரை அங்குலத்துக்கும் குறைவாக எடுத்து, ஒரே மூச்சில் முடித்துவிட்டேன். சுருள் ஈரமாக வருகிறது என்பதே மரம் காயவில்லை என்று சொல்லும் செய்தி. அது என் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தபோதும் எனக்குப் புரியவில்லை.

அடுத்தது 18 அங்குலம். முதல் கிண்ணம் கொடுத்த துணிச்சலில் வேகத்தை நிமிடத்துக்கு 800 சுற்றுக்கு ஏற்றினேன். இரும்பு வேலையில் பரப்பு வழவழப்பாக வரவேண்டுமானால் வேகத்தைக் கூட்டுவது என் கைக்குப் பழகிய வழி. உள்பக்கம் குடைந்துகொண்டிருந்தபோது, சுவருக்குள் மறைந்திருந்த பட்டைக் கோட்டை உளி தொட்டது. ஒரு சத்தம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். உள்ளங்கையைவிடப் பெரிய துண்டு பிரிந்து, என் இடது தோளில் பட்டு, கூரைத் தகரத்தில் போய் அடித்தது. நகவுளி, அதைத் தாங்கும் டூல் ரெஸ்ட்டில் சிக்கி ஒடிந்தது. தகரத்தில் விழுந்த குழி இன்னும் இருக்கிறது. தோள் கறுத்து ஒரு வாரம் கையைத் தூக்க முடியவில்லை. அரை அடி தள்ளிப் பட்டிருந்தால் முகம். நான் போட்டிருந்தது சாதாரணக் கண்ணாடி மட்டும்.

18 அங்குல விட்டம் 800 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 69 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. மரக் கடைசல்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, வேகத்தால் பெருக்கினால் 6,000 முதல் 9,000க்குள் நிற்க வேண்டும். 18 அங்குலத்துக்கு அது 330 முதல் 500 சுற்று வரை. அதுவும் சமநிலையாக உருண்ட, குறையில்லாத கட்டைக்கு. பட்டை உள்ளே இறங்கிய முண்டுக்கு நான் இப்போது கீழ் எல்லையைத் தாண்டுவதில்லை. முகம் முழுவதையும் மூடும் தடுப்பைப் போடாமல் சுவிட்சைத் தொடுவதில்லை. இயந்திரத்தை ஓடவிடும்போது கட்டைக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நிற்கிறேன். முடிந்தவரை லேத்தின் மறுமுனையில் இருக்கும் டெயில் ஸ்டாக்கைக் கட்டைக்கு முட்டுக் கொடுத்தே வைத்திருக்கிறேன், உள்ளே குடையும் கடைசி வேலைக்கு மட்டும் எடுக்கிறேன். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் விரல் கணுவால் கிண்ணத்தைச் சுற்றித் தட்டுகிறேன். நல்ல இடம் கணீரென்று சொல்லும், விரிசல் உள்ள இடம் பொத்தென்று சொல்லும். பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அந்த வாரக் கடைசியில், இரவு இரண்டு மணி இருக்கும், கொட்டகையிலிருந்து காய்ந்த மூங்கில் வெடிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். மேசைமேல் இருந்த 22 அங்குலக் கிண்ணத்தின் விளிம்பிலிருந்து அடிவரை ஒரு பிளவு. விரலை வைத்தேன், நகம் நுழைந்தது. காலையில் விரலே நுழைந்தது. நான் அந்த மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி காப்பியோடு வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை, டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிளவு ஓடிய இடத்தைப் பார்த்தால் காரணம் அதிலேயே எழுதியிருந்தது. கிண்ணத்தின் ஒரு பாதி முண்டு, மறுபாதி முண்டுக்குப் பின்னால் இருந்த நேர்நார் அடிமரம். மரம் காயும்போது நாரின் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்கே சுருங்கும். அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிச் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முண்டில் நார் எல்லாப் பக்கமும் ஓடுவதால் அது எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். நேர்நார் ஒரு பக்கமாக இழுக்க, முண்டு வேறு விதமாக இழுக்க, இரண்டும் சேரும் கோட்டில் கிழிந்துவிட்டது. பெரிய கிண்ணத்துக்கு முண்டை மட்டுமே எடுங்கள், அல்லது முண்டில்லாத மரத்தை மட்டுமே எடுங்கள். இரண்டும் பாதிப் பாதி வரும்படி அறுக்காதீர்கள். அடிமரமாக இருந்தால் வளையங்களின் மையத்தில் இருக்கும் நடுக்குருத்து கிண்ணத்துக்குள் வராதபடி முதலிலேயே பிளந்து தள்ளிவிடுங்கள், பிளவு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். மிச்சமிருந்த 14 அங்குலக் கிண்ணத்தையும் அந்த வாரமே கடைந்தேன். அது பிளக்கவில்லை, பத்து நாளில் நீள்வட்டமாகிவிட்டது. ஒரு பக்கம் 14 அங்குலம், மறுபக்கம் பதின்மூன்றரை. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குக் கணக்குச் சொல்லும் தொழிலில் இருந்தவனுக்கு, தான் கடைந்த பொருள் மேசையில் சும்மா இருந்தபடியே அரை அங்குலம் மாறுவதைப் பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை.

இதற்குள் உடம்பு. மணிக்கட்டில் தொடங்கியது அரிப்பு. மார்ச் வெயிலில் வேர்க்குரு என்று நினைத்தேன். மூன்றாம் நாள் கழுத்து, முழங்கை மடிப்பு, இடுப்பில் பெல்ட் பட்ட இடம் எல்லாம் தடித்தது. ஐந்தாம் நாள் கண் இமை இரண்டும் வீங்கிக் கண் திறக்கவில்லை. கொப்புளம் உடைந்து நீர் வடிந்தது, இரவில் தூக்கமே இல்லை. முதலில் காட்டிய இடத்தில் இதைத் தொற்றுச் சொறி என்று சொல்லி, வீட்டில் எல்லோரும் பூசிக்கொள்ள மருந்து கொடுத்தார்கள். பிள்ளைகள் உட்பட நான்கு பேரும் கழுத்திலிருந்து கால்வரை பூசிக்கொண்டு கிடந்தோம். எனக்குக் குறையவில்லை. நடுவில் சற்று அடங்கியது என்று கொட்டகையைப் பெருக்கப் போனேன், அன்றிரவே இரண்டு மடங்காக வந்தது. என் சட்டைகளைத் துவைத்த மனைவியின் கையிலும் தடிப்பு வந்தது. என்னால் இவர்களுக்கும் வந்துவிட்டதே என்று அந்த நாட்களில் நான் பட்ட வேதனை பணத்துக்காகப் பட்டதைவிடப் பெரிது.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்த தோல் மருத்துவர் முதல் கேள்வியாக “என்ன வேலை பார்க்கிறீங்க?” என்று கேட்டார். சொன்னேன். எந்த மரம் என்று கேட்டார். சில்வர் ஓக் என்றதும் பேனாவை வைத்துவிட்டார். அந்த மரத்தில் கிரெவில்லால் என்று ஒரு பொருள் இருக்கிறது. சேராங்கொட்டை பட்டால் உடம்பு பொங்குமே, பச்சை முந்திரிக்கொட்டையின் ஓட்டு எண்ணெய் பட்டால் தோல் உரியுமே, அவற்றில் இருப்பதற்கு உறவான பொருள் அது. எல்லோருக்கும் வருவதில்லை. வருகிறவர்களுக்கும் முதல் முறையிலேயே வருவதில்லை. ஜூலையில் ரம்பத்தூள் என்மேல் கொட்டியபோது உடம்பு அதை அடையாளம் கண்டு வைத்துக்கொண்டது. மார்ச்சில் மறுபடி பட்டதும் பொங்கிவிட்டது. பட்டவுடன் தெரியாமல் ஒன்றிரண்டு நாள் கழித்தே தடிப்பதால், இது மரத்தால் வந்தது என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. இனி வாழ்நாள் முழுவதும் அந்த மரத்தூள் எனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். பிறகு மலைக்குப் போனபோது, கிளை கழிக்கும் வேலையில் பல காலம் இருந்த பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “அது சில பேருக்கு ஒத்துக்காதுங்க சாமி, நாங்க முழுக்கைச் சட்டை போடாம ஏற மாட்டோம்” என்றார். மருத்துவர் சொன்னதில் பாதி அவருக்குத் தெரிந்திருந்தது. நான்தான் கேட்டிருக்கவில்லை.

ஆகவே புதிய மரம் எதுவாக இருந்தாலும், முதல் நாள் சிறிது நேரம் மட்டும் கடைந்துவிட்டு மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள். தடிப்பு வந்தால் எந்த மரம் என்று பெயரோடு மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்துக்கடையில் களிம்பு கேட்டு நாளைக் கடத்தாதீர்கள். கொட்டகையிலிருந்து வந்ததும் சட்டையைத் தனி வாளியில் போட்டு, முதலில் தண்ணீரில் அலசிவிட்டு நீங்களே துவையுங்கள். தோலுக்கு ஒன்றும் ஆகாதவர்களும் முகமூடி இல்லாமல் கடையக் கூடாது. மரத்தூள் மூக்கின் உட்பகுதியில் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியானது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே அதை முதல் பிரிவில் வைத்துவிட்டது. கைக்குட்டை கட்டிக்கொண்டால் போதாது, என்95 முகமூடியாவது வேண்டும். உப்புத்தாள் போடும்போது எழும் மாவு போன்ற தூள்தான் சுருளைவிட மோசமானது.

மே மாதத்தில் கணக்கு எழுதினேன். மரம் 18,600. அறுப்புக்கூலி, ஏற்றுக்கூலி, வேன் 7,200. ஒடிந்த நகவுளியும் சில்லறைச் சாமானும் 4,300. மருத்துவம் 11,900. வேலைக்குப் போகாத ஆறு வாரத்துக்கு வர வேண்டியது 33,000. கூட்டினால் 75,000. முன்பணம் உளியிலும் சக்கிலும் முடங்கிவிட்டதால், அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் சங்கிலியை அடகு வைத்தேன். பணத்தை வாங்கிக்கொண்ட விடுதிக்காரர் கோபப்படவில்லை, “அண்ணா, எனக்கு அவசரம் இல்லைன்னு முதல்லயே சொன்னேனே” என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு நினைவிலேயே இல்லை. ஆறு மாதத்தில் தருகிறேன் என்று கெடு வைத்தது நான்தான். பெரிய மரக் கிண்ணத்துக்கு முன்பணம் வாங்குகிறவர்கள் நாளைக் குறிப்பிட்டுச் சொல்லாதீர்கள். மரம் காய்ந்த பிறகு தருகிறேன் என்று சொல்லுங்கள்; அதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள்.

ஜூன் மாதத்தில் தம்மம்பட்டிக்குப் போனேன். மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர், நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. இதை முதலில் செய்யத் தோன்றவில்லையே என்று வழியெல்லாம் வருந்தினேன். வாகை மரத்தில் ஒரு சுவாமி வாகனம் செதுக்கிக்கொண்டிருந்த முதியவர், நான் எடுத்துப் போயிருந்த பிளந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெட்டுவாய்க்கு என்ன பூசினாய் என்று கேட்டார். ஒன்றும் பூசவில்லை என்றேன். “தண்ணி உள்ள இருந்து போகத்தான் வேணும் தம்பி. நார் முனை வழியாத்தான் ஓடிப் போகும். அந்த வாயைச் சாணி போட்டாவது அடைச்சிருக்கணும்” என்றார். மேல் பக்கம் வேகமாகக் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரமாகவே இருந்து இடம் கொடுக்காமல் நிற்க, மேல் பக்கம் கிழிகிறது. காய்வதை வேகப்படுத்துவதற்காக நான் வைத்திருந்த மின்விசிறிதான் என் கிண்ணத்தைப் பிளந்தது என்று அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது புரிந்தது.

இரண்டாம் முறை பலா எடுத்தேன். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் ஆகும் மரம். எனக்குத் தோலில் ஒன்றும் செய்யவில்லை. அறுக்கும்போது மஞ்சள் கிழங்கைப் போல இருக்கும், வெளிச்சம் பட்டுப் பட்டுத் தேன் நிறமாகிப் பிறகு பழுப்பாகும். மலையில் வெள்ளக்கடைப் பக்கம் ஒரு வீட்டில் கிணற்றடிக்காக எடுத்த பழைய பலாவின் அடிமுண்டு, உருப்படி விலையாக 4,000 ரூபாய்க்குக் கிடைத்தது. அது 2023 அக்டோபர் மாதம். மழை நாட்களாகப் பார்த்துத்தான் கீழே கொண்டுவந்தேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சேலத்துக் காற்றிலும் ஈரம் இருப்பதால் மரத்துக்கு அந்த இறக்கம் திடீரென்று இராது. மார்ச், ஏப்ரலில் மலை மரத்தைக் கீழே இறக்காதீர்கள் என்று இப்போது பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறேன். வந்த மறுநாளே, பச்சையாக இருக்கும்போதே, 18 அங்குலக் கிண்ணமாகத் தடிமனாகக் கடைந்தேன். இதுதான் முறை. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவருக்கு விட வேண்டும். 18 அங்குலத்துக்கு ஒன்றேமுக்கால் அங்குலத்துக்குக் குறையாமல். சுவர் எல்லா இடத்திலும், அடிப்பாகம் உட்பட, ஒரே கனமாக இருக்க வேண்டும். காயும்போது அது கோணட்டும், நீள்வட்டமாகட்டும். அதை மறுபடி வட்டமாகக் கடைந்து எடுக்கத்தான் அந்தக் கனம். நார் முனை தெரியும் இடங்களில் மெழுகை உருக்கித் தேய்த்தேன். கடைந்த சுருளோடு சேர்த்துக் கோணிச் சாக்கில் போட்டு, காற்றோட்டம் நேராகப் படாத மூலையில் தரையிலிருந்து உயர்த்தி வைத்தேன். பூசணம் வந்துவிடாமல் முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை சுருளை மாற்றினேன்.

மேல் பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய் என்று முடிவு செய்து, உடைந்த துண்டுகளில் பூசிப் பழகிக்கொண்டிருக்கிறேன். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவிடுங்கள். கொட்டகை முழுக்கச் சுருள் கிடக்கும் தொழிலில் இதை மறக்கவே கூடாது. பழைய இரும்பு லேத்தில் கடைபவர்கள் தினமும் பெட்டைத் துடைக்க வேண்டும்; ஈரச் சுருள் ஒரே இரவில் துருப்பிடிக்க வைத்துவிடும்.

ஞாயிறுதோறும் அந்தக் கிண்ணத்தைச் சாக்கிலிருந்து எடுத்து மளிகைக்கடைத் தராசில் வைக்கிறேன். பிள்ளையின் பழைய கணக்கு நோட்டில் தேதியும் எடையும் எழுதுகிறேன். கடைந்த அன்று 9 கிலோ 860 கிராம் இருந்தது. முதல் வாரத்திலேயே அரை கிலோவுக்கு மேல் இறங்கியது, டிசம்பர் மழையில் இரண்டு வாரம் அசையவே இல்லை, பிப்ரவரியில் மறுபடி வேகமாக இறங்கத் தொடங்கியதால் சாக்கின் மேல் இன்னொரு சாக்கைச் சுற்றினேன். ஏப்ரலில் விளிம்பில் ஒரு மயிரிழைக் கீறல் தெரிந்தது, அதை மெழுகால் அடைத்தேன், அதற்கு மேல் ஓடவில்லை. விட்டம் இப்போது ஒரு பக்கம் 18, மறுபக்கம் பதினேழேகால். விடுதிக்காரர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, மாட்டலாமா என்று லேத்தைக் காட்டிக் கேட்டார். எடை மூன்று வாரம் சேர்ந்தாற்போல ஒரே மாதிரி இருந்தால்தான் மாட்டுவேன் என்றேன். போன ஞாயிறு 6 கிலோ 140 கிராம். அதற்கு முந்தின ஞாயிறும் 6 கிலோ 140 கிராம்.